எனக்குக் கிடைத்த மீசை

மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அங்கே சில பெண்களுக்கு நான் விழக் கற்றுக்கொடுக்கிறேன். அடிக்கக் கற்றுக்கொடுக்க ஊரில் நிறைய ஆள் உண்டு. அடி வாங்கி, மாடியிலிருந்து விழுந்து, எழுந்து, துணியைத் தட்டிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போவது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஆள் குறைவு. எனக்கு அறுபது நெருங்குகிறது. மழை வருவதை வானம் சொல்வதற்கு முன்னால் என் முழங்கால்கள் சொல்லிவிடும். மற்றபடி சௌக்கியமாக இருக்கிறேன்.

இந்தப் பெண்கள் விழுவதற்குக் காற்றடைத்த பெரிய பை இருக்கிறது. இடுப்பில் கட்டிய கம்பியைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் ஒருத்தி உயரத்திலிருந்து விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்து வரும்போது வயிறு குளிர்ந்துபோகிறது.

அவர்களில் திவ்யா என்று ஒரு பெண். கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவள், அப்பாவுக்கு அங்கேதான் வேலை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் கதாநாயகியாக நடித்த முதல் படத்திலிருந்து ஒரு துண்டை யாரோ போட்டிருக்கிறார்கள். கடலைப் பார்த்த கட்டடம். மேல் விளிம்பில் கதாநாயகி நிற்கிறாள். பாதி திரும்பி, இல்லாத மீசையை முறுக்கிவிட்டுக் குதிக்கிறாள்.

"மேம், இந்த ஜம்ப்ப பாத்துட்டுத்தான் நான் இந்த ஃபீல்டுக்கே வந்தேன். அந்த மீசை முறுக்குறது செம கெத்து. யார் ஐடியா மேம் அது?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள், கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் உட்காரும் அத்தைமார்கள், ஒருமுறை டோல்கேட்டில் சீட்டுக் கிழிக்கிறவர்கூடக் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்தான், ஒரு சிரிப்பு. அன்று திவ்யாவுக்கும் அதைத்தான் கொடுத்தேன். இப்போது சரியான பதிலை எழுதுகிறேன்.

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் எங்கள் அத்தா இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார். கடைக்குள் ஒரு பரண் உண்டு. அத்தா மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினால் நானும் என் தம்பியும் பரணில் ஏறி, கீழே அடுக்கிய மெத்தைகள் மேல் குதிப்போம். அத்தா திரும்பி வந்து பார்க்கும்போது மெத்தைகள் அசையாமல் இருக்கும். எங்கள் தலையில் மட்டும் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் ஒன்றும் கேட்கமாட்டார், தலையில் ஒரு தட்டு தட்டுவார். பள்ளிக்கூட மைதானத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் சாயங்காலங்களில் கராத்தே சொல்லிக்கொடுத்தார். சேர்ந்தேன், பிடித்துப்போனது, கறுப்புப் பட்டை வாங்கினேன். அதைப்பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை. உதைப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

ஏகாம்பரம் மாஸ்டர் எங்கள் கடைக்கு வந்தது மெத்தை வாங்க. சினிமாவில் சண்டைக்காட்சி அமைக்கிறவர் என்று எங்களுக்குத் தெரியாது. கட்டை குட்டையான உடம்பு, சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்திருக்கும், முகத்தில் பாதியை மீசை எடுத்துக்கொண்டிருக்கும். வட சென்னைக்காரர். நுழைந்ததும் மெத்தைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார்.

"இன்னா பாய், இதுல எது நல்லா வாங்கும்?"

"படுக்கறதுக்கா?" என்றார் அத்தா.

"வுழறதுக்கு."

அத்தாவுக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் அதற்கு முன் வந்ததில்லை. அவர் பதில் யோசிப்பதற்குள் மாஸ்டர் ஸ்டூலில் ஏறி, முதுகு காட்டி நின்று, அப்படியே மெத்தைமேல் மல்லாக்க விழுந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா சிரிப்பு? எங்க, நீ வுழுந்து காட்டு பாப்போம்."

நான் பரணில் ஏறினேன். தாடையை நெஞ்சில் ஒட்டி, கைகளை விரித்து, அவர் எழுந்து விலகிய இடத்தில் முதுகு பட விழுந்தேன். மாஸ்டர் மீசையின் வலப்பக்கத்தை முறுக்கினார், பிறகு இடப்பக்கத்தை. அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

"பாய், மெத்தையோட உம் பொண்ணையும் குட்த்துடு."

அத்தாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பதறிப்போனார். "ஐயோ, சினிமாவுக்கு பாய்! சண்ட போடறதுக்கு! எனுக்கு வூட்ல பொண்டாட்டி கீறா!"

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அத்தா தொழுதார், யோசித்தார், மறுபடி தொழுதார். கடைசியில் மாஸ்டரைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. ஆனா எம்பொண்ணு விழுந்தா என் மெத்தை மேலதான் விழணும்." மாஸ்டர் சிரிக்காமல் கைகொடுத்தார். நான் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் மாஸ்டரின் வேனில் எங்கள் கடை மெத்தைகள் வந்தன. அத்தா அவற்றுக்கு மட்டும் தானே உட்கார்ந்து இரட்டைத் தையல் போடுவார்.

அந்தக் காலத்தில் கதாநாயகிக்கு டூப் போடுவது ஆண்கள்தான். விக்கும் சேலையும் கட்டிக்கொண்டு விழுவார்கள். மாஸ்டர் குழுவில் அந்த வேலை மணியுடையது. ஒல்லியான ஆள், எல்லோருக்கும் மணி அண்ணாத்த. என் முதல் வேலை வேடந்தாங்கல் பக்கம் ஒரு ஏரிக்கரையில் நடந்தது. கதாநாயகிக்குப் பதிலாகக் கரையிலிருந்து உருண்டு கீழே வர வேண்டும். நான் போய் இறங்கியபோது மணி ஏற்கெனவே விக் வைத்து, பூ வைத்து, பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நம்ம பொழப்பு போச்சி" என்றார் என்னைப் பார்த்து.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ நான் கரையில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா நீ, போலீஸ்காரன் மாரி ஓடற? கதாநாயகின்னா கைய இப்படி வெச்சிக்கினு, கொஞ்சம் ஒடிச்சி ஓடணும்." பெண் மாதிரி ஓடுவது எப்படி என்று சேலை கட்டிய ஓர் ஆண்பிள்ளை ஏரிக்கரையில் எனக்கு ஓடிக் காட்டினார். யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. என் பிழைப்பில் பாதி மணி அண்ணாத்த போட்ட பிச்சை. அவர் இன்று இல்லை. இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு "மீதிப் பாதி யாரு?" என்று வம்புக்கு வந்திருப்பார்.

மீதிப் பாதி மாஸ்டர்தான். அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அன்று விழும் படுக்கை என்பது அட்டைப்பெட்டிகள். மளிகைக் கடைகளிலிருந்து காலிப் பெட்டிகளை வாங்கி வந்து, மறுபடி மூட்டி, அடுக்கு மேல் அடுக்காக வைப்போம். ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் ஓட்டை போட வேண்டும். ஆள் விழும்போது உள்ளே இருக்கும் காற்று அந்த ஓட்டை வழியாக வெளியேறும், பெட்டி மெதுவாக நசுங்கி ஆளை வாங்கிக்கொள்ளும். ஓட்டை இல்லாவிட்டால் பெட்டி ஆளைத் திருப்பி எறிந்துவிடும். சுற்றிலும் கயிறு கட்டி, மேலே மெத்தை பரப்பி, நடுவில் ஒரு சிவப்புத் துணி போடுவோம். அதுதான் குறி.

எல்லாம் முடிந்ததும் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படுக்கையில் ஏறிப் படுப்பார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருளுவார். பிறகு இறங்கி, குனிந்து, பெட்டிகளை மோந்து பார்ப்பார். ஈரம் ஏறிய அட்டைக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. அது மூக்கில் பட்டால் மொத்தத்தையும் பிரித்துப் போடச் சொல்லுவார். டைரக்டர் கத்தினாலும் கதறினாலும் அவர் காதில் விழாது. அப்புறம் கற்பூரம் ஏற்றுவார். என்னைப் பார்த்து, "உங்க சாமிய நீ கூப்டுக்கோ, அவசரம் இல்ல" என்பார். நான் பிஸ்மில்லாஹ் சொல்லி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

கடைசியாக, பயமாக இருக்கிறதா என்று அவர் பாஷையில் ஒரு கேள்வி வரும். "பயமா கீதா?"

முதல் தடவை நான் வீறாப்பாக "இல்ல மாஸ்டர்" என்றேன். "அப்போ போய்க் குந்து" என்று சொல்லிவிட்டு மணியை ஏற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மணிதான் பிறகு விஷயத்தைச் சொன்னார். "அவருக்கு பயமில்லாதவன் வேணாம். பயம் இல்லன்னா கண்ணு தரைய பாக்காது, அடிபட்டுக்குவான். கீதுன்னு சொல்லு, ஏத்துவாரு. ஆனா பொய்யா சொன்னியோ, கண்டுபுடிச்சிடுவாரு."

அதற்கப்புறம் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே பயமாகத்தான் இருந்தது. "கீது மாஸ்டர்" என்பேன். "அப்போ ரைட்டு" என்பார். மீசையை முறுக்குவார். குதிப்பேன்.

இப்படிச் சில வருடங்கள் மற்றவர்கள் முகத்துக்காக விழுந்த பிறகு, என் முகத்தை வைத்தே ஒரு படம் எடுக்கத் தயாரிப்பாளர் ஒருவர் வந்தார். சிறு முதலீடு. பெரிய கதாநாயகன் கிடையாது. சண்டை போடும் பெண் என்பதுதான் கதை, வசனம் எல்லாம். எனக்கு ரணதேவி என்று பெயர் வைத்தார். வீட்டில் ஜமீலா, வெளியே ரணதேவி. படப்பிடிப்பு முடிவதற்கு முன்னாலேயே செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். "டூப் இல்லாமல் ரணதேவி" என்று கொட்டை எழுத்தில். அத்தா கடையைச் சாத்திவிட்டு நடந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். "பேரு மாறினாலும் முகம் நம்ம முகம்தான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அன்றைக்கு எனக்கு மட்டும் தனியாகப் பாயசம் வைத்தாள்.

உச்சக் காட்சியை மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடற்கரையில் பாதி கட்டி நின்றுபோன ஒரு விடுதியில் எடுத்தார்கள். மேல்தளத்திலிருந்து நான் குதிக்க வேண்டும். அந்த இடத்துக்கு அன்று ஒருநாள்தான் அனுமதி. காலையில் மணலில் பெட்டிகள் அடுக்கி, மாஸ்டர் படுத்து, உருண்டு, மோந்து பார்த்தார். நான் நடுத்தளத்திலிருந்து ஒத்திகைக் குதிப்பு இரண்டு முறை குதித்தேன். பட்டுப்போல வாங்கியது படுக்கை. உடைந்த பெட்டிகளை மாற்றி அடுக்கினோம். இனி வெயில் சாய்ந்த பிறகுதான் நிஜக் குதிப்பு என்று டைரக்டர் சொன்னார். பின்னால் வானம் சிவக்க வேண்டுமாம்.

அலைத் திவலை பட்டுப் பெட்டிகள் நனைந்துவிடக் கூடாதே என்று நாங்களே தார்ப்பாய் போட்டு இறுக்கமாக மூடினோம். அதுதான் தவறாகப் போனது. நாங்கள் எல்லோரும் ஸ்டுடியோ சிமெண்டுத் தரையிலும் செம்மண் ரோட்டிலும் பெட்டி அடுக்கிப் பழகியவர்கள். கடற்கரை மணலின் மேல்பக்கம் காய்ந்திருந்தாலும் ஒரு முழம் கீழே ஈரம் இருக்கும். தார்ப்பாய் மேல் வெயில் அடித்ததும் அந்த ஈரம் ஆவியாகி மேலே வந்து, போக வழியில்லாமல் கீழ் அடுக்குப் பெட்டிகளிலேயே இறங்கியிருக்கிறது. மூடிய சட்டிக்குள் இட்லி வெந்த மாதிரி. பெட்டிகளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் அவற்றை அவித்துக்கொண்டிருந்தோம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

சாயங்காலம் தார்ப்பாயை எடுத்தோம். மேல் அடுக்கு காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மாஸ்டர் படுத்து உருண்டார். இறங்கிக் குனிந்தார். பக்கத்தில் மீனவர்கள் கருவாடு காயப்போட்டிருந்தார்கள், காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. மாஸ்டர் மோந்தார். இன்னொரு பக்கம் போய் மோந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி மோந்தார்.

"மூக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்று முணுமுணுத்தார். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடுக்கினால் வெளிச்சம் போய்விடும்.

பிறகு என்னிடம் வந்தார். நான் ஒப்பனை முடித்து நின்றிருந்தேன். தயாரிப்பாளர், டைரக்டர், யூனிட் மொத்தமும் சுற்றி நின்றது. காலையில் குதித்த இரண்டு குதிப்பும் உடம்பில் இனித்துக்கொண்டிருந்தன.

"பயமா கீதா?"

"இல்ல மாஸ்டர்" என்றேன்.

அது வீறாப்பு இல்லை. நிஜமாகவே அன்று எனக்குப் பயம் இல்லை. அவரிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

மாஸ்டர் திரும்பி டைரக்டரைப் பார்த்தார். "பேக்கப்."

தயாரிப்பாளர் குதித்த குதிப்புக்கு எந்த மெத்தையும் தாங்காது. "நாளைக்கு இந்த இடம் கிடையாது தெரியுமா? இது இல்லாம படமே இல்லைங்க. அந்தப் பொண்ணே பயமில்லங்குது, உனக்கு என்னய்யா?"

"அதாங்க பேஜாரு" என்றார் மாஸ்டர்.

"சரி, மணிக்கு விக்கு வை. அவன் குதிக்கட்டும்."

மணி பீடியை அணைத்துவிட்டு எழுந்தேவிட்டார். மாஸ்டர் கையை நீட்டித் தடுத்தார். "அவனுக்கும் உசுரு ஒண்ணுதான். பெட்டி மேல எனுக்கு டவுட்டு கீது. என் ஆளுங்க யாரும் ஏற மாட்டாங்க."

"அப்போ இந்தப் பொண்ண வெச்சு இந்தப் படம் வராது. வேற பொண்ணப் போட்டு முதல்லேர்ந்து எடுத்துக்கறேன்." அதைச் சொல்லும்போது தயாரிப்பாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் காலடியில் மணல் நழுவிய மாதிரி இருந்தது. ஸ்டேஷன் எதிரே இருந்த போஸ்டர் ஞாபகம் வந்தது. அத்தா அதன்முன் நிற்கும் காட்சியும் வந்தது. "நான் குதிக்கிறேன் மாஸ்டர், ப்ளீஸ் மாஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு ஒப்பனை வேனைப் பார்த்து நடந்தார். போகிறபோக்கில் தன் ஆட்களிடம், "வேன்ல கீற பாய் மெத்தை அத்தினியும் எட்த்தாந்து மேல போடு" என்றார்.

வேன் கதவு திறந்து அவர் இறங்கி வந்தபோது யூனிட்டில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. என் விக்கு. என்னுடைய இன்னொரு செட் உடை, அக்குள் பக்கம் கிழித்து ஊசி குத்தியிருந்தது. மீசை இல்லை. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து கத்தி படாத அந்த மீசையை ஒப்பனைக்காரரை விட்டு மழித்துக்கொண்டு வந்திருந்தார். மேலுதடு பச்சைக் குழந்தையுடையது மாதிரி வெளுத்திருந்தது. மணி அண்ணாத்தகூடச் சிரிக்கவில்லை.

"மாஸ்டர், வேணாம்" என்றேன்.

"நீ பயமில்லன்ன. எனுக்கு பயமா கீது. அப்போ யார் குதிக்கணும்?"

அவர் வகுத்த சட்டம்தான். கற்பூரம் ஏற்ற மறந்துவிட்டோம், மணி ஓடிப்போய் ஏற்றினார். மாஸ்டர் மேல்தளத்தின் விளிம்பில் போய் நின்றார். வானம் டைரக்டர் கேட்ட நிறத்தில் சிவந்திருந்தது. அதன்முன் அவர் முகம் தெரியவில்லை, கறுத்த உருவம் மட்டும்தான். விக்கின் முடி காற்றில் பறந்தது. "ஆக்‌ஷன்" என்றார் டைரக்டர். மாஸ்டர் பாதி திரும்பினார். கை தானாக மேலுதட்டுக்குப் போனது. வலப்பக்கம் முறுக்கினார், இடப்பக்கம் முறுக்கினார். அங்கே ஒன்றும் இல்லை என்பதை அவர் கை மறந்துவிட்டது. குதித்தார்.

சிவப்புத் துணியின் நடுவில் சரியாக வந்து விழுந்தார். மேல் பெட்டிகள் நசுங்கும் சத்தம் கேட்டது. அதன்கீழ் வர வேண்டிய சத்தம் வரவில்லை. ஈரச் சேற்றில் கல் விழுந்த மாதிரி ஒரு தொப்பென்ற ஒலி. கீழ் அடுக்குகள் வெறும் கூழாக இருந்தன. நாங்கள் பெட்டிகளைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனோம். மாஸ்டர் மெத்தைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஷாட் ஓகேவா?" என்றார்.

"ஓகே மாஸ்டர்" என்று அழுதேன்.

"அப்போ ஷூட்டிங் முடிஞ்சிச்சி, பூசணிக்கா ஒடைங்கடா. அப்பறமா என்ன தூக்குங்க, இடுப்பு போச்சி."

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. மேலே அத்தனை மெத்தை போடாமல் இருந்திருந்தால் முதுகெலும்பே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் இடத்தில் நான் குதித்திருந்தால் வழக்கம்போல ஒரே ஒரு வரிசை மெத்தைதான் இருந்திருக்கும். இதைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று யோசித்தபோதுதான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடற்கரையில் வராத பயம் எல்லாம் சேர்த்து அப்போது வந்தது.

விஷயம் கேள்விப்பட்டு அத்தா ஓடிவந்தார். கட்டிலருகே நின்று, என்ன கேட்பது என்று தெரியாமல், "மெத்தை கிழிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

"கிழியல பாய். அதான் நான் கீறேன்" என்றார் மாஸ்டர்.

அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் அத்தா அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. "எம்பொண்ணக் காப்பாத்தினீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாஸ்டருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "நாஸ்தா துன்னியா பாய்? எதுனா துன்னு" என்று பேச்சை மாற்றினார்.

அன்றைக்கு அவர் என்னிடம் ஒன்று கேட்டார். குதித்தது யார் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. "போஸ்டர்ல டூப் இல்லன்னு போட்டுட்டானுங்க. இப்போ நீ பொய்க்காரி ஆயிடுவ. நானா சொல்ற வரிக்கும் வாயத் தொறக்காத." யூனிட்டில் எல்லோரும் மாஸ்டர்மேல் இருந்த மரியாதையால் கப்சிப் என்று இருந்துவிட்டார்கள்.

படம் வந்தது. செங்கல்பட்டில் நானும் அத்தாவும் தம்பியும் டிக்கெட் எடுத்துப் பார்த்தோம். அந்தக் காட்சியில், கதாநாயகி இல்லாத மீசையை முறுக்கியதும், கொட்டகையின் கூரை போகிற அளவுக்கு விசில். பெண்கள் பகுதியிலிருந்தும் விசில் வந்தது. படம் முடிந்து வெளியே வந்தால் சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி மீசை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தா என் கையை அழுத்தினார்.

அடுத்த படத்தின் டைரக்டர் முதல்நாளே சொல்லிவிட்டார், மீசை முறுக்கு கட்டாயம் வேண்டும் என்று. நான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. மீசை பாதி வளர்ந்து துடைப்பம் மாதிரி நின்றது.

"மாஸ்டர், உங்க ஸ்டைல எனக்குச் சொல்லிக்குடுங்க."

விழுந்து விழுந்து சிரித்தார். இடுப்பு வலித்ததும் சிரிப்பை நிறுத்தினார். "என் மீசைய வித்து நீ துன்னப்போறியா? சரி, பாரு. வலதுதான் மொதல்ல. கட்டவெரலு உள்ளார, ஆள்காட்டி வெளிய. அப்பறம் இடது. மொறைக்கக் கூடாது, கண்ணுல சிரிப்பு இருக்கணும்."

அந்த முறுக்கை வைத்துக்கொண்டுதான் நான் பல வருடம் ஓட்டினேன். தெலுங்கில் டப் ஆன படங்களிலும் அதுதான். தம்பியின் கல்யாணம், அம்மாவின் கண் ஆபரேஷன், அத்தாவை ஹஜ்ஜுக்கு அனுப்பியது, எல்லாம் அந்த மீசையால் நடந்தவை. மற்ற குதிப்புகள் எல்லாம் நானே குதித்தவை, அதில் எனக்குக் குறையாத கர்வம் உண்டு. உடைந்த எலும்புகளைக் கேட்டால் அவை சாட்சி சொல்லும். ஆனால் ஜனங்கள் என்னை எதற்காக ஞாபகம் வைத்திருக்கிறார்களோ அது என்னுடையது இல்லை. முன்பெல்லாம் யாராவது அதைப் புகழ்ந்தால் மனசுக்குள் "மாஸ்டருக்குச் சொல்லுங்கள்" என்பேன். வாய் மட்டும் சிரிக்கும்.

மாஸ்டர் வேலையை விட்ட பிறகு திருக்கழுக்குன்றத்தில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். பெருநாளைக்கு நான் பிரியாணி எடுத்துக்கொண்டு போவேன், பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து எனக்குக் கரும்பு வரும். அன்று உடைந்த இடுப்பு வயதாக ஆக மறுபடி தொந்தரவு கொடுத்தது. போன மாதம் நடக்கவே முடியாமல் போய், இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா என்று மகளுக்குக் கவலை. எனக்கும்தான்.

ஆபரேஷன் அன்று காலை போனேன். சக்கரக் கட்டிலில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு கையில் டிரிப்ஸ், மறுகையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. மீசை முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் அளவு குறையவில்லை. ஆபரேஷன் அறைக் கதவருகே நான் கட்டிலைப் பிடித்து நிறுத்தினேன்.

"மாஸ்டர், பயமா கீதா?"

என்னைப் பார்த்தார். கண்ணில் பழைய குறும்பு வந்தது. "எனுக்கா? இல்ல."

கட்டிலைத் தள்ளிய பையனிடம் திரும்பினேன். "பேக்கப் தம்பி. திருப்பிக் கொண்டுபோய் வார்டுல விடுங்க."

அந்தப் பையன் திருதிருவென்று விழித்தான். மாஸ்டர் சிரித்தார், பக்கத்தில் மகளும் அழுகைக்கு நடுவே சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்.

"கீதும்மா. ரொம்ப கீது."

"அப்போ ரைட்டு மாஸ்டர்."

அவர் வலது கையைத் தூக்கப் பார்த்தார். டிரிப்ஸ் குழாய் இழுத்தது. இடது கையைப் பார்த்தார், அதுவும் வரவில்லை. எனக்குப் புரிந்தது. நான் குனிந்து அவர் மீசையைப் பிடித்தேன். வலதுதான் முதலில். கட்டைவிரல் உள்ளே, ஆள்காட்டி வெளியே. அப்புறம் இடது. கதவு திறந்தது, உள்ளே கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் அவருக்கு நினைவு திரும்பியபோது பக்கத்தில் இருந்தேன். நாக்கு இன்னும் குழறிக்கொண்டிருந்தது.

"ஷாட் ஓகேவா?"

"ஓகே மாஸ்டர். ஒரே டேக்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினார். "உனுக்குத்தான் இப்போ மார்க்கெட்டே இல்லியே. இனிமே இன்னா? அந்தக் குதிப்பு யாருதுன்னு உன்கிட்ட வுழக் கத்துக்கற புள்ளைங்களுக்குச் சொல்லிடு."

சொல்லிவிட்டேன், மாஸ்டர்.